நிலவுக்கு வரி கேட்டவர்

ஒஸ்வால்ட் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கொழும்பு கொட்டாஞ்சேனையில், தோட்டம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் நெருக்கமான வரிசை வீடுகளின் ஆண்களில் பாதிப் பேருக்குத் துறைமுகத்தில்தான் வேலை. மூட்டை தூக்குகிறவர்கள், கயிறு இழுக்கிறவர்கள், வாசலில் நின்று அனுமதித் துண்டு பார்க்கிறவர்கள். ஆனால் உயரத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர் இவர் ஒருவர்தான். கீழே இறங்கி வீட்டுக்கு வரும்போதும் முழுதாக இறங்காதவர்போலத்தான் நடப்பார். எதிரே வருகிறவரின் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு, சேற்றையும் கோழியையும் மிதிக்காமல் எப்படியோ வந்து சேர்ந்துவிடுவார்.

"மேல இருந்து பாத்தால் கப்பல் தானாய் வாறதில்லை. கடல்தான் அதைக் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து விடுது" என்று ஒருமுறை என் அம்மாவிடம் சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "அப்பிடியோ தம்பி" என்றார். அவ்வளவுதான். ஆனால் நான் அதற்குப் பிறகு கடற்கரைக்குப் போனபோதெல்லாம் கடலின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

அவருடைய மனைவி மெற்றில்டா அக்கா அதிகம் பேசமாட்டார். பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் ஓர் அறை, ஒரு சின்னக் குசினி, வாசலில் இரண்டு சீமெந்துப் படி. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். நான் ஜன்னலோரம் தையல் மெசினைப் போட்டுக்கொண்டு இருப்பேன். அங்கிருந்து அவர்களுடைய படியும், பொதுப் பைப்படியும், தோட்டத்து வாசலில் இருந்த சுடலைமுத்துவின் சலூனும் தெரியும். பேச்சுக் கூச்சம் உள்ளவளுக்கு அந்த ஜன்னல் போதுமானதாக இருந்தது.

ஒஸ்வால்ட் அண்ணன் குடிப்பார். அதையும் சொல்லத்தான் வேண்டும். வேலை முடிந்ததும் சந்தியில் உள்ள தவறணைக்குள் போவார். வெளியே வரும்போது இன்னும் அமைதியாக வருவார். அடித்ததில்லை, கத்தியதில்லை. படியில் உட்கார்ந்து, அன்று கண்ட கப்பல் இப்போது எந்தக் கடலில் போய்க்கொண்டிருக்கும் என்று மெற்றில்டா அக்காவுக்குச் சொல்லுவார். சொல்லிக்கொண்டே சரிந்து படுத்துவிடுவார். அக்கா தலைக்குக் கீழே ஒரு துணியை மடித்து வைப்பார். மாதத்தில் பாதி நாள் வேலைக்குப் போகாமல் கிடந்த காலமும் உண்டு.

சுடலைமுத்துவின் சலூனில் ஒரு வழக்கம் இருந்தது. வருடா வருடம் பட்ஜெட் நெருங்கும்போது, சவரத்துக்கு உட்காருகிற ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார். முகமெல்லாம் சோப் நுரை பூசி, கத்தியைக் கழுத்தில் வைத்த பிறகுதான் கேட்பார்.

"இப்ப நீங்கதான் நிதி மந்திரி. எதுக்கு ரொம்ப வரி போடுவீங்க? சொல்லுங்க."

"ஏன் அண்ணே கத்திய வெச்சிட்டுக் கேக்குறீங்க?" என்று யாராவது கேட்டால், "கத்தி இங்க இருக்கறப்ப எவனும் பொய் சொல்ல மாட்டான்" என்பார்.

சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஸவாஹிர் நானா யோசிக்காமல் சொல்லிவிடுவார். "சாராயத்துக்குப் போடுங்க. வாங்கிற ஆளுக்குக் கை நடுங்கோணும்."

"சிகரெட்டுக்கு?"

"அதுக்கு எனத்துக்கு? பாவம், மனுசன் ஒரு ஆறுதலுக்குப் பத்துறான்."

நானாவின் கடையில் முன்பக்கக் கண்ணாடிப் பெட்டி நிறையச் சிகரெட்தான். எல்லாரும் சிரிப்பார்கள்.

அடுத்தது தியாகராசா ஐயா. அவர் ஒரு காலத்தில் எங்கள் பக்கம் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். காப்புறுதிக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையில் பிளாட் எடுத்துக்கொண்டு போன பிறகும் தலையை மட்டும் சுடலைமுத்துவிடம்தான் கொடுப்பார். காலி வீதியில் எத்தனையோ குளிரூட்டிய சலூன்களைத் தாண்டி, இரண்டு பஸ் ஏறி வருவார்.

"சீதனத்துக்கு" என்பார் அவர். "குடுக்கிறவனுக்கில்லை, வாங்கிறவனுக்கு. அரைவாசியை அரசாங்கம் எடுக்கவேணும்."

"ஐயாவுக்குப் பொம்பளப் புள்ளைங்க மூணுல்ல?"

"நாலு. கடைசியை மறந்திட்டீர்."

சுடலைமுத்துவுக்கும் ஒரு கருத்து இருந்தது. வீட்டிலேயே மழிக்கிற பிளாஸ்டிக் சவரக்கத்திக்குத்தான் நாட்டிலேயே பெரிய வரி போடவேண்டும் என்பார். "அத வித்துத்தான் நான் சோறு திங்கிறன், உங்கட மண்டைய பாத்துக்கொங்க" என்று ஸவாஹிர் நானா சண்டைக்கு வருவார். மெசினை மிதித்துக்கொண்டு கேட்கும்போது எனக்கு ஒன்று புரிந்தது. எல்லாரும் அடுத்தவர் வீட்டு அலுமாரியைத் திறந்துதான் வரியைத் தேடினார்கள்.

ஒஸ்வால்ட் அண்ணன் மட்டும் யாருடைய அலுமாரியையும் திறக்கமாட்டார்.

"நிலவுக்கு" என்றார் ஒரு வருடம்.

"நிலவுக்கா?"

"ஓம். பறுவத்துக்கு முழு வரி, பிறைக்குக் கால் வரி. காலிமுகத்திடல்ல இருந்து பாக்கிறவைக்கு ரிக்கெற்."

"அமாவாசைக்கு?"

"அமாவாசைக்கு அரசாங்கம் எங்களுக்குத் திருப்பித் தரவேணும்."

அன்று பின்னேரம் பைப்படிக்கு மேலே, கூரைத் தகரங்களின் நடுவே நிலவு வந்தது. தண்ணீருக்கு நின்ற பெண்கள் வாளியைத் தூக்கி முகத்தை மறைத்தார்கள். "பாக்காதேங்கோடி, ஒஸ்வால்ட் வரி கேப்பான்!" மறைத்த வாளிகளில் எல்லாம் நிலவு விழுந்து ஆடியது. அவர் படியில் இருந்து அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், நல்ல வசூல் என்பதுபோல.

இன்னொரு வருடம் கப்பல் ஊதுவதற்கு வரி கேட்டார். பிறகு ஒரு வருடம் மத்தியான நித்திரைக்கு. கனவு வந்தால் மேலதிகக் கட்டணம்.

இனி ஆசந்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெரிய வெள்ளியன்று இறந்த ஆண்டவரின் சுரூபத்தைக் கறுப்புப் பட்டு விரித்த கட்டிலில் கிடத்தி, ஆண்கள் தோளில் சுமந்து தெருவைச் சுற்றி வருவார்கள். அந்தக் கட்டிலுக்குத்தான் ஆசந்தி என்று பெயர். எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில் அதைத் தூக்குகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் தொட்டு பெரிய வெள்ளி வரை, நாற்பது நாளும், வாயில் மது படக்கூடாது. தூக்குவதற்கு முன் பீடத்தடியில் எல்லாரையும் நிறுத்தி, ஆலயத்துக்குப் பொறுப்பான மூப்பர் வலன்ரைன் ஒவ்வொருவராகக் கேட்பார். அங்கே பொய் சொல்ல எவருக்கும் துணிவு வராது.

ஒஸ்வால்ட் அண்ணனின் தகப்பனார் முன்பக்கத்து வலது தோள். அவருக்குப் பிறகு அந்த இடம் அண்ணனுக்கு வந்தது. சில வருடம் தூக்கினார். ஒரு தவக்காலத்தில் அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மூப்பர் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மூப்பர் சிறிலின் மகனை அந்த இடத்துக்குக் கூப்பிட்டார். அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடம் அண்ணன் பீடத்தடிக்குப் போகவேயில்லை. ஊர்வலம் வாசலைத் தாண்டிப் போகும்போது உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மெற்றில்டா அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து எங்களோடு நடந்தார்.

ஒரு வருடம் மூப்பரே அவருடைய வாசலுக்கு வந்தார். படியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"ஒஸ்வால்ட், எனக்கு வயசு போட்டுது. அடுத்த முறை கேக்கிற ஆள் நானோ தெரியாது. உன்ர அப்பன்ர இடம் அது. இந்த நாப்பது நாளையும் ஒருக்காப் பிடிச்சுப் பார். இந்தமுறையும் ஏலாதெண்டால் அந்த இடத்தை நிரந்தரமாய் சிறிலின்ர மகனுக்குக் குடுத்திடுவன்."

அண்ணன் "ஓம் மூப்பர்" என்றார். அன்றைக்கு அவர் மூப்பரின் முகத்தைத்தான் பார்த்தார்.

அந்த வருடம் பட்ஜெட்டும் தவக்காலத்துக்குள் வந்தது. முதல் வாரங்கள் குடிக்காமலே போய்விட்டன. வேலை முடிந்ததும் அண்ணன் தவறணை இருக்கிற சந்தியைத் தவிர்த்து, சுற்றி வந்து வீடு சேர்வார். படியில் உட்கார்ந்து கைகளை முழங்காலுக்கு நடுவே அழுத்திக்கொள்வார். கப்பல் கதை இல்லை. இரவுச் சாப்பாடு பாதியில் நிற்கும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாயில் புரளும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு சனிக்கிழமை சலூனில் அவர் முறை வந்தது. தியாகராசா ஐயா வாங்குப் பலகையில் இருந்தார். ஸவாஹிர் நானா பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மந்திரி ஐயா வந்தாச்சு" என்று நுரையைப் பூசினார் சுடலைமுத்து. "இந்த வருசம் எதுக்குண்ணே? மழைக்கா? காக்காய்க்கா?"

"சாராயத்துக்கு."

"என்னது?"

"சாராயத்துக்குப் போடட்டும். கை எட்டாத உயரத்தில கொண்டுபோய் வைக்கட்டும். ஊரில எல்லாருக்கும் வேண்டாம், எனக்கு மட்டும் எட்டாமல் இருந்தால் காணும்."

ஸவாஹிர் நானா கை தட்டினார். "இத்தன வருசமா நான் சென்னத்த இண்டைக்கித்தான் கேட்டீக்கிறார்!" மற்றவர்களும் சிரித்தார்கள். நிலவுக்கு வரி கேட்ட மனிதர் தன் வாய்க்கே வரி கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அண்ணன் சிரிக்கவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைக் கண்டு சுடலைமுத்து கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

தியாகராசா ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒஸ்வால்ட், நீர் ஒண்டை விளங்கிக்கொள்ளும். நீர் நிப்பாட்டவேணும் எண்டு அரசாங்கம் சாராயத்துக்கு வரி போடுறேல்லை. என்ன விலை வித்தாலும் நிப்பாட்டமாட்டீர் எண்டு தெரிஞ்சுதான் போடுது. உப்பைப்போல அது. விட ஏலாத சாமானுக்குத்தான் வரி நிக்கும்."

"அப்ப நான் குடிப்பன் எண்டு அரசாங்கம் நம்பியிருக்கோ?"

"முழுசாய் நம்பியிருக்குது. உம்மை நம்பித்தானே ரோட்டுப் போடுது, ஆசுப்பத்திரி கட்டுது."

அண்ணன் கழுத்து நுரையைத் துடைத்துக்கொண்டார். "மெற்றில்டாகூட என்னை இவ்வளவு நம்பினதில்லை" என்றார்.

ஆனாலும் அவர் அந்த நம்பிக்கையை விடவில்லை. தன்னுடைய மனத்தில் இல்லாத பலம் பட்ஜெட்டில் இருக்கும் என்று காத்திருந்தார். மழைக்குப் பார்த்திருப்பதுபோல் பார்த்திருந்தார். தவறணைக்காரனே கதவை மூடிவிட்டதாகவும் அதன் வாசலில் கடல் வந்து நிற்பதாகவும் கனவு கண்டாராம். மெற்றில்டா அக்கா பைப்படியில் எனக்குச் சொன்னார்.

பட்ஜெட் நாளன்று வீடுகளில் எல்லாம் தொலைக்காட்சி ஓடினாலும் ஆண்கள் சலூன் ரேடியோவைச் சுற்றித்தான் நின்றார்கள். உச்சி வெயில் தகரத்தில் கொதித்ததில், ரேடியோக் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் எனக்குக் கேட்டது. மாவு, எண்ணெய், இறக்குமதிக் கார். பிறகு சாராயம். கூட்டிவிட்டார்கள். தோட்டமே ஆரவாரித்தது. ஒஸ்வால்ட் அண்ணன் ஏதோ சீட்டில் வென்றவர்போல ஆளாளுக்கு அவர் முதுகில் தட்டினார்கள். அவரும் சிரித்தார். அன்று மத்தியானம் அவர் ஒரு தட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டார். பொழுது சாயும்வரை படியில் இருந்து சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்ததும் றேமண்ட் வந்தான். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்கிறவன். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். கூட்டாளி வாடிப்போனதைப் பார்க்கப் பொறுக்காதவன். கையில் பேப்பர் சுற்றிய போத்தல்.

"மச்சான், அரசாங்கம் கூட்டினால் கூட்டட்டும். இது வரி இல்லாத சாமான். களனி ஆத்துக்கு அங்கால காய்ச்சினது. சல்லியும் வேணாம், நான் தாறன்."

கசிப்பு, கள்ளச்சாராயம். அண்ணன் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல அவரிடம் எதுவும் இருக்கவில்லை. வேண்டாம் என்பதை எல்லாம் அவர் அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டாரே. றேமண்ட் முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டான். அண்ணன் போத்தலைப் படியில் வைத்து, பேப்பரை மெதுவாகப் பிரித்தார். நான் மெசினை நிறுத்திவிட்டேன். அக்காவைக் கூப்பிடலாமா, அம்மாவிடம் சொல்லலாமா என்று தெரியாமல் துணியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

மெற்றில்டா அக்கா வாளியோடு வந்தார். போத்தலைக் கண்டார். வாளியை இறக்கிவைத்துவிட்டு மற்றப் படியில் உட்கார்ந்தார்.

"மெற்றி, இதுக்கு வரி இல்லை" என்றார் அண்ணன்.

"தெரியும்."

"அப்ப என்னை ஆர் நிப்பாட்டுறது?"

அக்கா கையை நீட்டிப் போத்தலை எடுத்தார். மூடியைத் திறந்தார். நான் கொட்டப்போகிறார் என்று நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருப்பார். அக்கா அதை வாயில் வைத்து ஒரு பெரிய மிடறு குடித்தார்.

கண் பிதுங்கியது. இருமினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் இருமினார். மூக்கால், கண்ணால் எல்லாம் தண்ணீர் வந்தது. மூச்சு வந்ததும் அவரைப் பார்த்துக் கேட்டார்.

"இதுக்கோ? இந்த மண்ணெண்ணெய்க்கோ ஆசந்தியை விட்டனீங்கள்?"

அண்ணன் வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார், சீனி கொண்டுவந்தார், முதுகைத் தடவினார். அக்கா சீனியை மென்றபடி சுவரில் சாய்ந்தார். கொஞ்சநேரம் கழித்து அவருடைய குரல் வேறாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, வாசல் மிதக்குது."

"ஓம்."

"அந்தச் சலூனும் வருது. சுடலைமுத்து கை காட்டுறார்."

"பயப்படாதை. மெதுவாய்த்தான் போகுது. கொஞ்சத்தில கரை தட்டும்."

"எங்க போறம்?"

"கடலிட்டைத்தான் கேக்கவேணும்" என்றார். ஒரு கையால் அக்காவின் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் போத்தலைக் கவிழ்த்தார். அது படியோரத்து வாய்க்காலில் ஓடியது. அந்த நாற்றத்துக்கு எங்கள் பூனை ஜன்னலில் ஏறி வந்துவிட்டது. பிறகு வெகுநேரம் அவர் கப்பல்களைப் பற்றி மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தூங்கிய பிறகும் நிறுத்தவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு அந்தக் கதைகளைக் கேட்டபடி நானும் துணியை மடியில் வைத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன்.

பெரிய வெள்ளியன்று மணி அடிக்கமாட்டார்கள். மரக்கட்டையைத் தட்டும் ஓசை மட்டும் தோட்டத்துக்குள் வந்தது. தூக்குகிறவர்கள் வெள்ளை உடுத்து, வெறுங்காலோடு பீடத்தடியில் நின்றார்கள். பெண்கள் நாங்கள் கதவோரம். மூப்பர் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று கேட்டார்.

"விபூதிப் புதன் தொட்டு இண்டைவரைக்கும் வாயில பட்டதோ?"

"இல்லை மூப்பர்."

"இல்லை."

ஒஸ்வால்ட் அண்ணன் முன்னால் வந்து நின்றார். சிறிலின் மகன் பக்கத்தில் தயாராக நின்றான்.

"வாயில பட்டதோ?"

"என்ர வாயில படேல்லை" என்றார் அண்ணன். நிறுத்தினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா வீட்டில போத்தல் திறந்தது, மூப்பர். மெற்றில்டா குடிச்சவ."

கோயிலே எங்கள் பக்கம் திரும்பியது. மெற்றில்டா அக்கா என் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். நானும் ஒளிகிற ஆள்தானே, எங்கே ஒளிவது?

"ஏன் பிள்ளை?" என்று மூப்பர் அங்கிருந்தே கேட்டார்.

"அவர் குடிக்காமல் இருக்க" என்றார் அக்கா. கேட்டும் கேட்காத குரல்.

பெரிய வெள்ளியன்று கோயிலுக்குள் யாரும் சிரிப்பதில்லை. யாரோ ஒருவர் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். மூப்பர் சட்டென்று பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று முன்வரிசைக் கிழவிகள் முந்தானையை எடுத்தார்கள். திரும்பியபோது முகம் பழையபடி கடுமையாக இருந்தது.

"பொம்பிளையள் ஆசந்தி தூக்கிறேல்லை. அதால சட்டம் அவவைப் பிடிக்காது. ஒஸ்வால்ட், முன்னுக்கு வா. வலப்பக்கம்."

அவர்கள் தூக்கினார்கள். கறுப்புப் பட்டின் குஞ்சம் மெல்ல ஆடியது. தெருவில் மெழுகுவர்த்திகள் நகர்ந்தன. தவறணைச் சந்தியைத் தாண்டும்போது நான் அண்ணனைப் பார்த்தேன். முகத்தில் வியர்வை ஒழுகியது. கட்டை தோளில் அழுந்தியிருந்தது. ஒரு பக்கமும் திரும்பாமல், ஒரு சீராக, கண்ணை மூடிக்கொண்டே நடப்பதுபோல் நடந்தார். ஆசந்தி அசையவில்லை.

அதற்குப் பிறகு அவர் குடியை விட்டுவிட்டார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. உயிர்ப்பு ஞாயிறு முடிந்து மறுநாள் பின்னேரம் றேமண்டோடு தவறணைக்குப் போனார். இருட்டுவதற்குள் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு குடிச்சனீங்கள்?" என்று மெற்றில்டா அக்கா உள்ளேயிருந்து கேட்டார்.

"பாதி."

"மற்றப் பாதி?"

"அதை அரசாங்கம் குடிச்சிட்டுது."

அக்கா சிரிக்கவில்லை. எண்ணெய்ப் போத்தலோடு வந்து, சட்டையைக் கழற்றச் சொன்னார். கட்டை அழுத்திய இடம் தோளில் இன்னும் சிவந்து தடித்திருந்தது. அதைச் சுற்றி எண்ணெய் தடவினார். அண்ணன் ஒருதரம் நெளிந்தார். "ஆடாமல் இருங்கோ" என்றார் அக்கா. அவர் ஆடாமல் இருந்தார்.